வாங்குபவரும் உண்பவரும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள வேக்ஃபீல்டு நகரில் 1818-இல் ஏழை மனநோயாளிகளுக்காக ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் வரிப்பணத்தில் எழுந்த அந்தக் காப்பகம் நூறாண்டுக்கு மேலாகப் பெயர் மாறி, கட்டடம் பெருகி, 1948-இல் பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவமனைகள் அரசுடைமை ஆனபோது தேசிய சுகாதார சேவையின் கைக்கு வந்தது. அதன் பிறகு அதற்கு ஸ்டான்லி ராய்டு மருத்துவமனை என்று பெயர். பெயர்ப்பலகையில் மருத்துவமனை என்று இருந்தாலும் 1980-களில் அங்கே இருந்தவர்களில் பெரும் பகுதியினர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பக் காத்திருந்தவர்கள் அல்லர். பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து முதுமை அடைந்தவர்களும், நினைவு தப்பிய வயோதிகத்தில் வந்து சேர்ந்தவர்களும்தான் அதிகம். அவர்களுக்கு அது வீடு. அங்கே வெந்ததுதான் சாப்பாடு. அந்தச் சாப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதியோரைக் காக்கும் இல்லங்களில் சமையலறைச் சுத்தம் எப்படிச் சட்டத்தின் பொருளாயிற்று என்ற வரலாற்றை எழுதப் புகுந்தால், இந்தச் சமையலறையைக் கடக்காமல் போக முடியாது. பிரிட்டனின் உணவுச் சட்டம் நெடுங்காலம் உணவை வாங்குபவரைத்தான் காத்தது. கொடுத்ததை உண்பவரை அது கண்டுகொள்ளவில்லை. இந்த இடைவெளி மூடப்பட, ஒரே சமையலறையின் உணவால் பத்தொன்பது பேர் சாக வேண்டியிருந்தது.

1984 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. திங்களும் பொது விடுமுறை என்பதால் அது நீண்ட வாரக் கடைசி. கோடை வெப்பமும் இருந்தது. அன்று மாலை உணவுக்கு, முன்பே சுட்டு ஆறவைத்து மெல்லிய துண்டுகளாக அரிந்த மாட்டிறைச்சி பரிமாறப்பட்டது. ஞாயிறன்று வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கின. வார்டுக்கு வார்டு எண்ணிக்கை ஏறியது. எல்லாம் ஓய்ந்து கணக்கெடுத்தபோது 355 நோயாளிகளும் 106 ஊழியர்களும் பாதிக்கப்பட்டிருந்தனர். 19 பேர் இறந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரும் நோயாளிகள். காரணம் சால்மொனெல்லா என்ற நுண்ணுயிரி. ஜான் ஹியூகில் என்ற வழக்கறிஞர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1986 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, நடந்ததை இப்படிக் கோத்துச் சொன்னது: பச்சைக் கோழியிறைச்சியிலிருந்து நுண்ணுயிரி சமையலறைக்குள் பரவி, வெந்த மாட்டிறைச்சியில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த இறைச்சி குளிர்பெட்டிக்குள் போகாமல் சுமார் பத்து மணி நேரம் சமையலறை வெப்பத்திலேயே இருந்தது. பிறகு அது தட்டுகளுக்குப் போயிற்று.

பத்து மணி நேரம் என்றால் என்ன என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். வெதுவெதுப்பான சூட்டில், ஈரமான இறைச்சியின்மேல், இந்த நுண்ணுயிரி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் இருபது முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருபதாவது முறையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். தரையை எத்தனை முறை கழுவினாலும், பாத்திரத்தை எத்தனை முறை தேய்த்தாலும் இந்தப் பெருக்கல் நிற்காது. பிரிட்டனில் பெட்டி ஹாப்ஸ் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் 1953-இலேயே இதன் இன்னொரு பக்கத்தைத் தெளிவாக எழுதியிருந்தார். க்ளாஸ்ட்ரிடியம் என்ற வகை நுண்ணுயிரி கொதிநிலையையும் தாங்கும் வித்தாக மாறி உணவில் உயிரோடு தங்கும். பெரிய பாத்திரத்தில் முதல் நாள் சமைத்த இறைச்சி மெதுவாக ஆறும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். மறுநாள் அரைகுறையாகச் சூடாக்கிப் பரிமாறினால் உண்டவர்கள் நோய்ப்படுவார்கள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும், ஆக அதிகம் பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கும் இடங்களில்தான் இது நிகழும் என்பது அவர் ஆய்வின் சாரம். நம் கல்யாண வீட்டு அண்டாவை நினைத்தால் இது சட்டென்று விளங்கும். ஒரு சட்டிக் குழம்பு அரை மணியில் ஆறும். நூறு பேருக்கான அண்டாவின் நடுப்பகுதி பொழுது சாய்ந்தாலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வீட்டில் மீந்த குழம்பை இரவில் கொதிக்கவிட்டு இறக்கிவைக்கும் பழக்கம் சிறு சட்டிக்குப் பொருந்தியது. அதை அப்படியே பெருஞ்சமையலுக்கு நீட்ட முடியாது. ஆகவே விடுதிச் சமையலறையில் சுத்தம் என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. பச்சையும் வெந்ததும் தொடாமல் இருப்பது, சூடானது சூடாகவும் குளிர்ந்தது குளிராகவும் இருப்பது, இடைப்பட்ட வெப்பத்தில் உணவு கழிக்கும் நேரம் குறைவாக இருப்பது ஆகிய மூன்றும்தான் அங்கே சுத்தம். கண்ணால் பார்த்து இந்த மூன்றையும் சொல்லிவிட முடியாது. வெப்பமானியும் கடிகாரமும் பதிவேடும் வேண்டும். அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்க்க ஒருவரும் வேண்டும்.

ஒரே உணவை உண்ட ஊழியர் பிழைக்க, முதியவர் இறப்பது ஏன் என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டே மற்றொரு துயரம் விடை தந்தது. 1985 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், லண்டன் என்ற பெயரே கொண்ட நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், ஈ.கோலை ஓ157 என்ற நுண்ணுயிரி பரவியது. அங்கே வசித்த 169 பேரில் 55 பேரும், 137 ஊழியர்களில் 18 பேரும் நோய்ப்பட்டனர். முதியவர்களில் 19 பேர் இறந்தனர்; ஊழியர்களில் ஒருவரும் இறக்கவில்லை. முதல் அலைக்குச் சாண்ட்விச்சே காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். இரண்டாம் அலை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது. வயது ஏற ஏற இரைப்பையின் அமிலம் குறையலாம். நுண்ணுயிரியை வாசலிலேயே கொல்லும் காவலர் அந்த அமிலம்தான். நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும், உடம்பிலிருந்து கொஞ்சம் நீர் போனாலும் சிறுநீரகம் தாங்காது. தாகம் எடுக்கிறது என்று சொல்ல முடியாத மனநிலையில் பலர் இருப்பார்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்காகக் கழிந்துவிடும் தொற்று, எண்பது வயதில் உயிரைக் கொண்டுபோய்விடும். அப்படியானால், ஊரில் எந்தச் சமையலறைக்கும் இல்லாத கண்டிப்பு முதியோர் இல்லச் சமையலறைக்கு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். ஸ்டான்லி ராய்டில் இருந்ததோ இதற்கு நேர் எதிர்.

இதன் வேரைத் தேடினால் பிரிட்டனின் உணவுச் சட்டம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1875-ஆம் ஆண்டின் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் அங்கே நவீன உணவுச் சட்டத்தின் அடித்தளம். வாங்குபவர் கேட்ட தன்மையிலும் பொருளிலும் தரத்திலும் இல்லாத உணவை அவருக்குக் கேடாக விற்கக்கூடாது என்பது அதன் உயிர்நாடி. மாவில் சுண்ணாம்பும் பாலில் தண்ணீரும் கலந்த காலத்தில் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தச் சட்டம் கற்பனை செய்த மனிதர் கடைப்பலகைக்கு முன்னால் காசோடு நிற்பவர். ஏழை விடுதியில் தட்டேந்தி நின்றவர் அந்தக் கற்பனையில் இல்லை. அவர் எதையும் வாங்கவில்லை. அவருக்கு யாரும் எதையும் விற்கவும் இல்லை. கொடுத்தார்கள், உண்டார். 1834-ஆம் ஆண்டின் ஏழைச் சட்டத்துக்குப் பிறகு எழுந்த ஏழை விடுதிகளில் உணவைப் பற்றிய கவலையெல்லாம் அளவைப் பற்றியதாகவே இருந்தது: ஆளுக்கு எத்தனை அவுன்ஸ் ரொட்டி, வாரத்துக்கு எத்தனை முறை இறைச்சி என்று பட்டியல் இருந்தது. அந்த அளவும் கிடைக்காத இடங்கள் உண்டு. ஹாம்ப்ஷயரின் ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் இருந்தவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றார்கள் என்பது 1845-இல் வெளிவந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1847-இல் ஏழைச் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்களின் முறையீட்டால் அந்த மாற்றம் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு கண் உள்ளே பார்த்த பிறகே வந்தது. இதே பாடம் மறுபடியும் வேண்டியிருந்தது. 1948-இல் ஏழைச் சட்டமே போயிற்று, விடுதிக் கட்டடங்கள் போகவில்லை. சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து 1962-இல் வெளியிட்ட நூல், பழைய விடுதிகள் முதியோர் இல்லங்களாகத் தொடர்வதை நாட்டுக்குக் காட்டியது.

அரசுடைமையால் வந்த இன்னொரு விளைவை அந்நாளில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பிரிட்டனின் பழைய சட்ட மரபு ஒன்று, நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொன்னாலொழிய எந்தச் சட்டமும் முடியரசை, அதாவது அரசாங்கத்தை, கட்டுப்படுத்தாது என்கிறது. 1947-இல் முடியரசின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடர வழி திறந்தார்கள். இந்த மரபை மட்டும் தொடவில்லை. மாவட்டத்தின் கையில் இருந்த வேக்ஃபீல்டு காப்பகம் 1948-இல் முடியரசின் சொத்து ஆனது. அதோடு அதன் சமையலறைக்கும் முடியரசின் விலக்குரிமை கிடைத்துவிட்டது. 1970-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள், கெடக்கூடிய உணவை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அல்லது சுமார் 63 டிகிரிக்கு மேலே வைக்க வேண்டும் என்று உணவகங்களுக்கு எழுதி வைத்திருந்தன. தெருமுனைத் தேநீர்க் கடை அதை மீறினால் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளர் வழக்குப் போடலாம். தனியார் முதியோர் இல்லம் மீறினாலும் போடலாம். நூற்றுக்கணக்கான முதியவர்களுக்குச் சமைக்கும் அரசு மருத்துவமனை மீறினால் அவரால் வழக்குப் போட முடியாது. அழைத்தால் போய்ப் பார்க்கலாம். குறையை எழுதிக் கொடுக்கலாம். நிறைவேற்றுவதும் நிறைவேற்றாததும் நிர்வாகத்தின் விருப்பம். சட்டம் உங்களுக்கும் பொருந்துவது போலவே நடந்துகொள்ளுங்கள் என்று சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவந்தது. ஆனால் வார்டுக்குக் கட்டிலும் அறுவைக் கூடத்துக்குக் கருவியும் கேட்டு வரிசையில் நிற்கும்போது, வழக்குக்கு அஞ்ச வேண்டாத சமையலறையின் குளிர்பெட்டி அந்த வரிசையின் கடைசிக்குப் போவது இயல்பு. அதற்கு எவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; கேள்வி கேட்பார் இல்லாமல் இருந்தால் போதும்.

இந்த விலக்கைக் காத்து நின்றவர்களின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. அரசு நடத்தும் மருத்துவமனைக்கு அரசின் சட்டமே அபராதம் விதித்தால், பொதுப்பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போவதைத் தவிர வேறென்ன நடக்கும் என்றார்கள். சமையலறையை மூடச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டால் அன்று மதியம் நோயாளிகளுக்கு யார் சோறு போடுவார்கள் என்றும் கேட்டார்கள். முதல் கேள்விக்கு விடை, தண்டத்தின் பயன் தொகையில் இல்லை என்பது. குறை நீதிமன்றத்தில் பகிரங்கமாகப் படிக்கப்படுவதும், ஒரு நிர்வாகி பெயரோடு பதில் சொல்ல நேர்வதும், அதற்கு அஞ்சி முன்கூட்டியே பணம் ஒதுக்கப்படுவதும்தான் அதன் பயன். இரண்டாம் கேள்விக்கு விடை அதன் உள்ளேயே இருக்கிறது: மூட முடியாத சமையலறை என்றால், மூட வேண்டிய நிலைக்கு அதை வரவிடக் கூடாது. ஸ்டான்லி ராய்டு அறிக்கைக்குப் பிறகு இந்த வாதங்களுக்கு நாடாளுமன்றத்தில் வலு இல்லாமல் போயிற்று. 1986-இலேயே நிறைவேறிய தேசிய சுகாதார சேவைத் திருத்தச் சட்டம், உணவுச் சட்டத்தைப் பொறுத்தவரை மருத்துவமனைகளின் விலக்குரிமையை நீக்கியது. 1987 பிப்ரவரியிலிருந்து உள்ளாட்சி ஆய்வாளர் அரசு மருத்துவமனைச் சமையலறைக்குள் சட்ட அதிகாரத்தோடு நுழைந்தார். 1985-இல் ஸ்டாஃபர்டில் மருத்துவமனை வழியாகப் பரவிய லீஜியனேர் என்ற நுரையீரல் நோயும் ஸ்டான்லி ராய்டும் சேர்ந்து, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பையே ஆராயும் குழுவுக்கு வழிவகுத்தன. டொனால்டு அச்சிசன் தலைமையிலான அக்குழு 1988-இல் அறிக்கை தந்தது. 1990-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொழில் என்ற சொல்லை விளக்கும்போது, லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவுக்கூடம், பள்ளி, மருத்துவமனை, நிறுவனம் ஆகியவையும் அதில் அடங்கும் என்று எழுதியது. கடைப்பலகைக்கு முன் நின்றவரைத் தாண்டி, தட்டுக்கு முன் அமர்ந்தவரைச் சட்டம் காண நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் ஒரு சமையற்காரரின் கவனக்குறைவு என்று சுருக்கிவிடலாமே என்று கேட்கலாம். இறைச்சியை எடுத்து உள்ளே வைக்க மறந்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் மறக்காமல் இருந்திருந்தால் பத்தொன்பது பேரும் பிழைத்திருப்பார்கள். இது உண்மைதான், ஆனாலும் பாதி உண்மை. மனிதர் மறப்பார்கள் என்பது நிர்வாகம் தொடங்கும் புள்ளி. பச்சைக் கோழிக்கும் வெந்த இறைச்சிக்கும் தனித்தனி இடம் உண்டா, நூற்றுக்கணக்கானவர்களுக்கான உணவைக் கொள்ளும் குளிர்பெட்டி உண்டா, விடுமுறை நாளில் மேற்பார்வைக்கு ஆள் உண்டா என்பவை அடுப்படியில் நிற்பவர் தீர்மானிக்கும் காரியங்கள் அல்ல. இந்தச் சிந்தனை சமையலறைக்கு வந்த வழி வியப்பானது. 1960-களில் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது, செய்து முடித்த உணவைச் சோதித்துப் பயனில்லை என்று கண்டார்கள். எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும் என்று முன்பே வரிசைப்படுத்தி, அந்தக் கட்டத்தை அளந்து, எழுதி, மீறினால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துவைக்கும் முறை அப்போது பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளால் ஹாசாப் என்று அழைக்கப்படும் அந்த முறை, 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தொழில்களுக்கு, அப்போது அதில் இருந்த பிரிட்டனின் முதியோர் இல்லங்கள் உட்பட, கட்டாயம் ஆயிற்று. விண்கலத்தில் நோயுற்றால் மருத்துவரிடம் போக முடியாது. படுக்கையிலிருந்து எழ முடியாத முதியவரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். இருவருக்கும் ஒரே முறை பொருந்தியதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விதிகள் பெருகினால் இல்லம் தொழிற்சாலை ஆகிவிடும். வாழ்நாளெல்லாம் விரும்பி உண்டதை வயதான காலத்தில் பறிப்பது என்ன கருணை என்பது அந்த மறுப்பு. முட்டையின் கதை இதற்குச் சான்றாகச் சொல்லப்படும். 1988-இல் பிரிட்டனில் முட்டை வழியாகச் சால்மொனெல்லா பரவுவது பெரும் அச்சமாயிற்று. உற்பத்தியில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டுவிட்டது என்று சொன்ன இளைய அமைச்சர் எட்வினா கரி, கோழிப் பண்ணையாளர்களின் கொதிப்பால் டிசம்பரில் பதவி விலகினார். பச்சை முட்டையும் அரைவேக்காட்டு முட்டையும் முதியோருக்கு ஆகாது என்ற அறிவுரை வந்தது. காலைச் சிற்றுண்டியில் மஞ்சள்கரு வழியும் முட்டையைத் தோய்த்துத் தின்று பழகிய தலைமுறைக்கு அது உண்மையான இழப்பு. அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோழிகளுக்கே தடுப்பூசி போட்டு, பண்ணையிலிருந்து கடை வரை தடம் காட்டும் சிங்க முத்திரைத் திட்டம் 1998-இல் வந்தது. முட்டைவழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. 2017 அக்டோபரில் உணவுத் தர முகமை, அந்த முத்திரை உள்ள முட்டையை முதியோரும் அரைவேக்காடாகவே உண்ணலாம் என்று அறிவித்தது. முப்பதாண்டுக்கு அருகில் ஆனது. ஆனாலும் பறிக்கப்பட்ட ருசி திரும்பி வந்தது, விதி தளர்ந்ததால் வரவில்லை, விதி சரியான இடத்துக்குப் போனதால் வந்தது. ஆபத்தைத் தட்டில் தடுக்க முனைந்தால் முதியவரின் விருப்பம்தான் பலியாகும். பண்ணையிலும் குளிர்பெட்டியிலும் வெட்டுப்பலகையிலும் தடுத்தால் அவர் தட்டுக்குச் சுதந்திரம் மிஞ்சும்.

சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லையே என்பதும் கேட்கத்தக்க கேள்வி. ஒன்டாரியோ இல்லத்துக்கு முடியரசின் விலக்கு ஏதும் இல்லை. அங்கும் 19 பேர் இறந்தார்கள். 2019-இல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில், வெளியிலிருந்து பொட்டலமாக வந்த சாண்ட்விச்சுகளால் லிஸ்டீரியா தொற்றி நோயாளிகள் இறந்தார்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் மெல்ல வளரும் இயல்புடையது. இந்தத் துயரங்கள் சட்டம் வீண் என்று காட்டவில்லை. சட்டம் போதாது என்று காட்டுகின்றன. ஆனால் 1984-க்கும் 2019-க்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2019-இல் எந்தத் தொழிற்கூடத்திலிருந்து உணவு வந்தது, யாருக்குப் போயிற்று என்று தடம் பிடிக்க முடிந்தது. பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. மருத்துவமனை உணவைப் பற்றித் தனி ஆய்வுக் குழு அமைந்து 2020-இல் அறிக்கை தந்தது. 1984-க்கு முன் வேக்ஃபீல்டில் குறை கண்ட ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதைத் தவிர வழியில்லை. இன்று இங்கிலாந்தில் முதியோர் இல்லச் சமையலறைகளும் உணவகங்களைப் போலவே சுழியத்திலிருந்து ஐந்து வரை சுகாதார மதிப்பெண் பெறுகின்றன. எந்த மகளும் மகனும் அதை இணையத்தில் பார்த்துவிடலாம்.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு நேரான தொடர்பு இருக்கிறது. அதுவும் உணவு வழியாகவே வந்த தொடர்பு. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற மரபில் முடியரசின் விலக்கும் ஒன்று. அரசின் ரேஷன் துறை உரிமம் பெறாமல் தானியம் சேமித்து வைத்ததற்காகக் கல்கத்தா மாநகராட்சி தொடுத்த வழக்கில், 1960-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய மரபை ஏற்று, அரசைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது. ஏழே ஆண்டில், மேற்கு வங்க அரசு உரிமம் இல்லாமல் நடத்திய ஒரு சந்தையைப் பற்றிய வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது: குடியரசில் அந்த மரபுக்கு இடமில்லை, சட்டம் வேறாகச் சொன்னாலொழிய அரசையும் கட்டுப்படுத்தும். வேக்ஃபீல்டுச் சாவுகளுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1967-இல், இந்தியா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உணவுத் தொழில் என்றால் லாபத்துக்காகவோ இல்லாமலோ, பொதுத் துறையோ தனியாரோ, உணவு வழங்கும் எந்த முயற்சியும் என்று விளக்கம் தந்திருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லமும் அதில் அடங்கும், அரசு இல்லமும் அடங்கும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்க வழி சொல்லியிருக்கிறது. பிரிட்டன் உயிர்களைக் கொடுத்துப் பெற்ற சட்டச் சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன.

இருப்பதைப் பயன்படுத்தத் தடையாக நிற்பது நம்முடைய ஒரு நல்ல குணம்தான். இல்லத்துக்கு இலவசமாகச் சோறு போடுகிறவரிடம் குளிர்பெட்டியின் வெப்பம் என்ன என்று கேட்பது நன்றிகெட்ட செயல் போலத் தோன்றுகிறது. பிறந்த நாளுக்கும் திதிக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், அது எப்போது சமைத்தது, எத்தனை மணி நேரம் வண்டியில் இருந்தது என்று தம்மையே கேட்டுக்கொள்வதில்லை. கொடுக்கும் மனம் தூய்மையாக இருந்தால் கொடுத்த சோறும் தூய்மையாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஏழை விடுதி தொடங்கிப் பிரிட்டன் செய்த பிழையும் இதன் உறவுதான்: வாங்காதவருக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று எண்ணியது. காசு கொடுத்து உண்பவர் கடையை மாற்றிக்கொள்வார். கொடுத்ததை உண்பவருக்கு மாற்றிக்கொள்ள வேறு கடை இல்லை. ஆகவே அவருக்காகக் கேட்கும் கடமை மற்றவர்களுக்கு இருக்கிறது. உங்கள் தாயோ தந்தையோ, அண்டை வீட்டுப் பாட்டியோ ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது பூச்செடிகளையும் பூஜை அறையையும் பார்த்த கையோடு சமையலறையையும் பாருங்கள். பச்சை இறைச்சியும் காய்கறியும் ஒரே பலகையில் அரியப்படுகின்றனவா, மதியச் சாம்பார் இரவு வரை எங்கே இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமம் சுவரில் இருக்கிறதா என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல இல்லம் அந்தக் கேள்வியால் மனம் வருந்தாது; வருந்தினாலும் கேளுங்கள். உள்ளே அமர்ந்து உண்பவரால் அதைக் கேட்க முடியாது.